அதிர்வோடு ஒரு மல்லுக்கட்டு: சாட்டர்ன் 5

1962 ஜூன் 28. கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். சோதனை மேடையில் இறுக்கிப் பூட்டியிருந்த எஃப்-1 எஞ்சினைப் பற்றவைத்தார்கள். எரிப்பறைக்குள் ஓர் அதிர்வு கிளம்பியது. எஞ்சின் உருகிச் சிதைந்தது. மிச்சத்தில் உருப்படியாக எடுக்க எதுவும் இல்லை.

நிலவில் மனிதனை இறக்கப்போவதாக ஜான் கென்னடி நாடாளுமன்றத்தில் அறிவித்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அந்தப் பயணத்துக்கான ராக்கெட்டான சாட்டர்ன் 5இன் அடியில் பூட்ட வேண்டியது இதே எஞ்சினைத்தான், அதுவும் ஐந்து. கைவசம் மாற்று எதுவும் இல்லை.

இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு? கணக்கை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். மூன்று மனிதர்கள், அவர்கள் போய்வரும் கலம், நிலவில் இறங்கும் கலம், இரண்டுக்கும் வேண்டிய எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 45 டன். இதை நிலவை நோக்கிய பாதையில் தள்ளிவிட வேண்டும். ஒரு ராக்கெட் அடையக்கூடிய வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. எரிந்த வாயு எவ்வளவு வேகமாகப் பின்னால் பாய்கிறது என்பது ஒன்று. கிளம்பும்போது இருந்த எடைக்கும், எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதம் இன்னொன்று. ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு இது. அதற்குள் ஒரு லாகரிதம் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் வில்லன். வேகத்தில் கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் எரிபொருள் மடங்கு மடங்காக ஏறுகிறது. 45 டன்னில் தொடங்கிய கணக்கு, 110 மீட்டர் உயரமும் 2,900 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒரு கோபுரத்தில் போய் முடிந்தது. அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிபொருளும் அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜனும்தான்.

எரிபொருள் தேர்விலும் ஓர் இழுபறி உண்டு. ஹைட்ரஜனை எரித்தால் வாயு நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் பாயும். மண்ணெண்ணெயை எரித்தால், தரை மட்டத்தில், நொடிக்கு 2.6 கிலோமீட்டர்தான் கிடைக்கும். அப்படியானால் முழுவதும் ஹைட்ரஜனாகவே இருக்கலாமே? இருக்கலாம், அதை எங்கே வைப்பது? திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான் இருக்கும். அதே இடத்தில் மண்ணெண்ணெய் 800 கிலோ பிடிக்கும். மூன்று அடுக்கு ராக்கெட்டின் அடி அடுக்கையும் ஹைட்ரஜனில் ஓட்டுவதென்றால் தொட்டி கட்டுக்கடங்காமல் வீங்கிவிடும். அதனால் முதல் அடுக்குக்கு மண்ணெண்ணெய், மேலே உள்ள இரண்டு அடுக்குகளுக்கும் ஹைட்ரஜன் என்று பிரித்தார்கள். மூன்றிலும் எரிப்பதற்கான ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் திரவமாகத் தனித்தொட்டியில் இருந்தது.

எஃப்-1இன் வேலை சாட்டர்னுக்கு முன்பே தொடங்கியது. 1950களின் நடுவில் அமெரிக்க விமானப்படைக்காக ராக்கெட்டைன் நிறுவனம் கையில் எடுத்த திட்டம் அது. பிறகு விமானப்படைக்கே அதன் தேவை இல்லாமல் போய், நாசாவின் கைக்கு வந்தது. ஒரு எஞ்சின் 5.6 மீட்டர் உயரம். அதன் கீழ்வாய் 3.7 மீட்டர் அகலம். உந்துவிசை 680 டன். ஒரு நொடியில் அது விழுங்கியது 788 கிலோ மண்ணெண்ணெய், 1,789 கிலோ திரவ ஆக்சிஜன். ஐந்து எஞ்சின்களுக்கும் சேர்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 13 டன்.

இவ்வளவையும் உள்ளே தள்ளும் டர்போபம்பை எனக்குத் தனியாகவே பிடிக்கும். 55,000 குதிரைசக்தி. ஒரே தண்டில் ஒரு பக்கம் டர்பைன், மறுபக்கம் ஆக்சிஜன் பம்பு, நடுவில் எரிபொருள் பம்பு. டர்பைன் முனையில் 800 டிகிரி வெப்ப வாயு மோத, மறுமுனையில் மைனஸ் 183 டிகிரி திரவம் ஓடுகிறது. இடையில் உள்ள பேரிங்குகளுக்கு மசகு எண்ணெய் எது? அந்த மண்ணெண்ணெயேதான். வழக்கமான எண்ணெய் என்றால் அதற்கென ஒரு தொட்டி, ஒரு பம்பு, குழாய் என்று எடை கூடும். எரிப்பறையைச் சுற்றியுள்ள குழாய்களில் ஓடி அதைக் குளிர்விப்பதும் மண்ணெண்ணெய். எஞ்சினைப் பக்கவாட்டில் திருப்பும் ஹைட்ராலிக் தண்டுகளைத் தள்ளுவதும் மண்ணெண்ணெய். இத்தனை வேலையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அது எரிகிறது.

டர்பைனைச் சுழற்றும் வாயுவில் வேண்டுமென்றே எரிபொருளைக் கூடுதலாகக் கலந்தார்கள். இல்லாவிட்டால் டர்பைன் இலைகள் வெப்பம் தாங்காமல் உருகிவிடும். அரைகுறையாக எரிந்த அந்தக் கரிய புகையை வீணாக்கவில்லை. எஞ்சினின் கீழ்வாயைச் சுற்றி உள்பக்கமாக விட்டு, சுவருக்கும் தீக்கும் நடுவே ஒரு திரைபோல ஓட வைத்தார்கள். சாட்டர்ன் 5 கிளம்பும் பழைய படங்களைப் பாருங்கள். எஞ்சினை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்கு நெருப்பு கறுப்பாகத் தெரியும். அதற்குக் கீழேதான் வெளிச்சம் வெடிக்கும். அந்தக் கறுப்பு இந்தப் புகைதான்.

இனி 1962இன் அதிர்வுக்கு வருவோம். எரிப்பறையின் மேல்பக்கத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில் இன்ஜெக்டர் என்ற தட்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கான துளைகள் வழியாக மண்ணெண்ணெயையும் ஆக்சிஜனையும் ஒன்றோடொன்று மோதும்படி அது பீய்ச்சுகிறது. துளிகள் உடைந்து, ஆவியாகி, கலந்து எரிகின்றன. எல்லாம் சீராக நடந்தால் அறைக்குள் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கும். எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் அதிகமாக எரிந்துவிட்டால், அங்கிருந்து ஓர் அழுத்த அலை கிளம்பிப் பக்கவாட்டில் ஓடும்; சுவரில் மோதித் திரும்பும். போகும் வழியில் அது துளிகளை இன்னும் பொடியாக்குவதால் அங்கே இன்னும் வேகமாக எரியும். அது அலையை மேலும் வளர்க்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடந்தால் உலோகச் சுவரைக் காத்துவந்த மெல்லிய குளிர்ப்படலம் கலைந்துபோகும். அப்புறம் உருகுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

சிறிய எஞ்சின்களிலும் இந்த நோய் உண்டு. ஆனால் அறை பெரிதாகும்போது அலைகளுக்கு ஓட இடம் கிடைக்கிறது. சின்னதில் பலித்த மருந்து பெரியதில் பலிப்பதில்லை. பழைய வடிவத்தை ஐந்து மடங்கோ ஏழு மடங்கோ பெருக்கினால் போதும் என்று நம்பியவர்களுக்கு எஃப்-1 கொடுத்த அடி இது.

1962 அக்டோபரில் இதற்கென்றே ஒரு குழு அமைந்தது. நாசாவின் மார்ஷல் மையத்திலிருந்து ஜெர்ரி தாம்சன், ராக்கெட்டைன் தரப்பிலிருந்து பால் காஸ்டன்ஹோல்ஸ், டான் க்ளூட். அவர்களிடம் இந்த அலைகளை முன்கூட்டிச் சொல்லும் கோட்பாடு இல்லை. அதைக் கணக்கிடும் கணினியும் அன்றைக்கு இல்லை. அதிர்வு எப்போது வரும் என்று காத்திருப்பதும் வீண். சில சோதனைகளில் வந்தது, சிலவற்றில் வரவே இல்லை. ஆகவே அவர்கள் அதிர்வை வலிய வரவழைத்தார்கள். எரியும் எஞ்சினுக்குள் ஒரு சிறிய குண்டை வைத்து வெடித்தார்கள். வெடி கிளப்பிய அலை வளர்கிறதா, தானாக அடங்குகிறதா என்று அளந்தார்கள். அந்தக் காலத்துப் பொறியியலில் இதைவிடத் துணிச்சலான சோதனை முறை வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நோய் தானாக வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், நோயை ஊசியில் ஏற்றிவிட்டு உடம்பு எப்படித் தேறுகிறது என்று பார்ப்பது!

இன்ஜெக்டர் தட்டின் முகத்தில் செப்புத் தடுப்புகளை எழுப்பி, அதைப் 13 பகுதிகளாகப் பிரித்தார்கள். அலை பக்கவாட்டில் சுற்றி ஓட முடியாமல் தடுப்புகளில் முட்டியது. துளைகளின் அகலத்தையும், இரண்டு பீய்ச்சல்கள் மோதும் கோணத்தையும் மாற்றிமாற்றிப் பார்த்தார்கள். முழு அளவு எஞ்சினில் மட்டும் சுமார் 2,000 சோதனைகள். கடைசியில் கிடைத்த தட்டு, குண்டு வெடித்தாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அமைதியாகிவிட்டது. அது ஏன் அடங்கியது என்பதை அவர்களால் முழுமையாக விளக்க முடியவில்லை. அடங்கியது என்பதே அப்போதைக்குப் போதுமாக இருந்தது. ஏவிய அத்தனை சாட்டர்ன் 5களிலும் சேர்த்து 65 எஃப்-1 எஞ்சின்கள் பறந்தன. ஒன்றுகூட நடுவழியில் கைவிடவில்லை.

இரண்டாம் அடுக்கின் தலைவலி வேறு மாதிரி. முதல் அடுக்கின் வடிவம் முடிவாகிவிட்டது. மூன்றாவதை இதற்கு முந்திய சாட்டர்ன் ராக்கெட்டிலிருந்தே எடுத்தாயிற்று. நிலவில் இறங்கும் கலமோ மாதத்துக்கு மாதம் எடை ஏறிக்கொண்டிருந்தது. யார் இளைப்பது? உச்சியில் ஒரு கிலோ கூடுதலாக ஏற்ற முதல் அடுக்கில் 14 கிலோ குறைக்க வேண்டும்; இரண்டாம் அடுக்கில் 4 அல்லது 5 கிலோ குறைத்தால் போதும். எனவே கத்தி இரண்டாம் அடுக்கின் மேல் விழுந்தது. கலிஃபோர்னியாவின் சீல் பீச்சில் அதைக் கட்டிக்கொண்டிருந்த நார்த் அமெரிக்கன் நிறுவனத்தினர், ஆக்சிஜன் தொட்டிக்கும் ஹைட்ரஜன் தொட்டிக்கும் நடுவே இரண்டு தனித்தனிச் சுவர்கள் வைக்காமல் ஒரே பொதுச்சுவரோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் தேன்கூட்டு அடுக்கு. ஒரு பக்கம் மைனஸ் 183 டிகிரி, மறுபக்கம் மைனஸ் 253. நமக்கு அந்த ஆக்சிஜனே கடுங்குளிர். ஹைட்ரஜனுக்கோ அந்த ஆக்சிஜனே அடுப்பு. இந்த 70 டிகிரி வித்தியாசத்தைத் தடுத்துநிறுத்தும் சுவரால் மிச்சமானது சுமார் 3.6 டன்.

வெளிச்சுவரிலும் சிக்கல். வெறும் உலோகத்தை மைனஸ் 253 டிகிரியில் வைத்தால் அதன்மேல் காற்றே உறைந்து படியும். அதைத் தடுக்க முதலில் ஒட்டிய காப்புப் பலகைகள் பிய்ந்து பிய்ந்து வந்தன. பின்னால் நுரையைத் தெளித்து ஒட்டவைக்கும் முறைக்கு மாறினார்கள். 1966 மே 28 அன்று மிசிசிப்பி சோதனைத் தளத்தில் இந்த அடுக்கு ஒன்று, கசிவு பார்க்க ஹீலியம் நிரப்பியபோது அழுத்தம் மிஞ்சிக் கிழிந்தே போனது. அழுத்தத்தை அளக்கும் கருவிகளின் இணைப்பு கழற்றப்பட்டிருந்ததைப் பணியாளர்கள் அறிந்திருக்கவில்லை.

சாட்டர்னை வழிநடத்திய மார்ஷல் மையத்தின் இயக்குநர் வெர்னர் ஃபான் பிரவுன். திட்ட மேலாளர் ஆர்தர் ருடால்ஃப். ஹிட்லரின் ஜெர்மனியில் வி-2 ஏவுகணையைச் செய்த அணியிலிருந்து வந்தவர்கள். அந்த ஏவுகணைகளை நிலத்தடித் தொழிற்சாலையில் செய்யவைக்கப்பட்ட டோரா முகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அது தொடர்பான விசாரணைக்குப் பின் 1984இல் ருடால்ஃப் அமெரிக்காவை விட்டு வெளியேறிக் குடியுரிமையைத் துறந்தார். சாட்டர்னைப் புகழும் நூல்கள் பல இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. தாண்டக்கூடாது என்பது என் கட்சி.

அந்த ஜெர்மன் அணியின் வழக்கம், ஒவ்வொரு அடுக்காகப் பறக்கவிட்டுப் பார்ப்பது. முதல் அடுக்கை மட்டும் உயிரோடு, மேலே வெறும் பாரத்தை வைத்து ஏவு. அது தேறினால் அடுத்ததைச் சேர். நாசாவின் மனிதப் பயணப் பிரிவுக்கு 1963இல் தலைவராக வந்த ஜார்ஜ் முல்லர் இதை ஏற்கவில்லை. முதல் பறப்பிலேயே மூன்று அடுக்குகளும் வேலை செய்ய வேண்டும் என்றார். காலக்கெடு அப்படி. ஃபான் பிரவுனின் ஆட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. 1967 நவம்பர் 9 அன்று அப்போலோ 4 என்ற பெயரில் முதல் சாட்டர்ன் 5 கிளம்பியது. எல்லாம் சொன்னபடி நடந்தது. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த தொலைக்காட்சி அறையின் கூரைத் தகடுகள் உதிர, செய்தியாளர் வால்டர் க்ரான்கைட் கண்ணாடிச் சன்னலைக் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கிளம்பும் அந்தச் சில நொடிகளை எவ்வளவு மென்மையாக வடிவமைத்திருந்தார்கள் என்பது இத்தனை சத்தத்தில் அடிபட்டுப் போகிறது. ஐந்து எஞ்சின்களையும் ஒரே கணத்தில் பற்றவைத்தால் அந்த உதையிலேயே ராக்கெட் குலுங்கிவிடும். எனவே முதலில் நடு எஞ்சின், பின் எதிரெதிராக இரண்டு, பின் மற்ற இரண்டு. நொடியின் சிறு பின்னங்கள் இடைவெளி விட்டுப் பற்றின. முழு விசை வரும்வரை நான்கு இரும்புக் கரங்கள் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தன. கரங்கள் விட்டதும் சட்டென்று துள்ள விடவில்லை. கூம்பு ஊசிகள், தம்மைவிடக் குறுகலான துளைகள் வழியே இழுபட்டு நீண்டு, முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு அதைப் பின்னால் இழுத்துப்பிடித்தன. உந்துவிசை 3,400 டன், எடை 2,900க்கு மேல். மிஞ்சும் விசை கொஞ்சம்தான். ஏவுகோபுரத்தைத் தாண்டவே பத்து நொடிபோல ஆனது. பின்னர் எரிபொருள் தீரத்தீர எடை குறைந்து வேகம் கிடுகிடுவென ஏற, இரண்டேகால் நிமிடத்தில் நடு எஞ்சினை அணைத்தார்கள். அணைக்காவிட்டால் உலோகச் சட்டமும் உள்ளே இருப்பவர்களும் தாங்க வேண்டிய பாரம் எல்லை மீறிவிடும்.

இரண்டாம் பறப்பு, அப்போலோ 6. 1968 ஏப்ரல் 4. ஆளில்லாத பறப்பு. இரண்டு நிமிடம் போல ஆனபோது ராக்கெட் முழுவதும் நீளவாக்கில் நொடிக்கு ஐந்து தடவை வீதம் அதிரத் தொடங்கியது. ஏறத்தாழ 30 நொடிக்கு நீடித்தது. பொறியாளர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் போகோ. தலையில் நீர்க்குடம் சுமந்து நடப்பவரின் நடையும் குடத்து நீரின் அலைவும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். 110 மீட்டர் உயரக் கம்பத்துக்கு இயல்பாக ஒரு துடிப்பு உண்டு. ஆக்சிஜன் குழாயில் ஓடும் திரவத்துக்கும் ஒரு துடிப்பு உண்டு. கம்பம் அசைந்தால் குழாயில் அழுத்தம் மாறும். எஞ்சினின் விசை மாறும். கம்பம் இன்னும் அசையும். தொட்டி காலியாகும்போது கம்பத்தின் துடிப்பு மெல்ல மாறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இரண்டும் பொருந்திவிடுகின்றன.

அதோடு முடியவில்லை. இரண்டாம் அடுக்கில் ஒரு எஞ்சின் நின்றது. அதை மூட அனுப்பிய கட்டளை, கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கத்து எஞ்சினையும் மூடியது. மூன்றாம் அடுக்கு மறுபடி பற்ற மறுத்தது. தேடியபோது காரணம் ஒரு மெல்லிய குழாயில் கிடைத்தது. எரியூட்டிக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும் குழாயில், வளைந்துகொடுக்கட்டும் என்று மடிப்பு மடிப்பாக ஒரு பகுதி வைத்திருந்தார்கள். அந்தப் பகுதி அதிர்ந்து அதிர்ந்து முறிந்திருந்தது. தரையில் எத்தனையோ தடவை சோதித்தபோது ஏன் முறியவில்லை? தரையில் காற்று இருக்கிறது. குளிர்ந்த குழாயின் மேல் அது திரவமாகிப் படிந்து, அதிர்வுக்கு மெத்தை போட்டுவிட்டது. மேலே காற்றும் இல்லை, மெத்தையும் இல்லை. மடிப்பை எடுத்துவிட்டுக் குழாயையே வளைத்துப் போட்டார்கள். போகோவுக்கு மருந்து இன்னும் எளிது: ஆக்சிஜன் குழாய்களின் வால்வு அறைகளில் ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். திரவம் அமுங்காது, வாயு அமுங்கும். அழுத்தம் துள்ளும்போது வாயு வாங்கிக்கொள்ளும்.

இந்தத் திருத்தங்களை ஆளில்லாத ராக்கெட்டில் இன்னொரு முறை பறக்கவிட்டுப் பார்க்கவே இல்லை. அடுத்த சாட்டர்ன் 5, டிசம்பர் 21 அன்று, போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரையும் ஏற்றிக்கொண்டு நேராக நிலவுக்குப் போனது. இன்றைய எந்தப் பாதுகாப்புக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்காது.

போகோ அத்துடன் விடைபெறவில்லை. 1970 ஏப்ரல் 11, அப்போலோ 13. உள்ளே மறுபடி லவல். இரண்டாம் அடுக்கின் நடு எஞ்சின் நொடிக்கு 16 தடவை வீதம் துடித்தது. அதைத் தாங்கிய சட்டத்தில் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல 30 மடங்குக்கு மேல் பதிவானது. அடுத்த சில துடிப்புகளில் சட்டம் முறிந்திருக்கலாம். ஆனால் ஊசலாடிய அழுத்தம் ஒரு தாழ்புள்ளியைத் தொட்டபோது, எஞ்சின் வலுவிழந்துவிட்டது என்று ஓர் உணர்கருவி முடிவுகட்டி அதை அணைத்துவிட்டது. திட்டமிட்டதற்கு இரண்டு நிமிடம் முன்னதாக. மற்ற நான்கும் கூடுதல் நேரம் எரிந்து ஈடுகட்டின. இரண்டு நாள் கழித்து நேர்ந்த ஆக்சிஜன் கலன் வெடிப்பு உலகுக்கே தெரியும். மேலேறும்போதே தப்பிய இந்தக் கண்டம் பலருக்குத் தெரியாது.

இதே காலத்தில் சோவியத் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். பெரிய எஞ்சின் செய்து அல்லாடுவதைவிடச் சின்ன எஞ்சின்கள் நிறைய வைப்பது மேல் என்று, என்-1 ராக்கெட்டின் அடியில் 30 எஞ்சின்களைப் பூட்டினார்கள். ஆனால் அந்த அடுக்கை முழுதாகத் தரையில் எரித்துப் பார்க்க மேடை கட்டவில்லை. அதன் எஞ்சின்களில் சில வால்வுகள் ஒரே ஒருமுறை மட்டும் செயல்படுபவை; எனவே சோதித்த எஞ்சினைப் பறக்கவிட முடியாது, பறக்கும் எஞ்சினைச் சோதித்திருக்க முடியாது. 1969க்கும் 1972க்கும் இடையே நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. 1969 ஜூலை 3 அன்று விழுந்தது ஏவுதளத்தையே தகர்த்தது. எஞ்சின்களின் எண்ணிக்கையை வைத்து இந்தத் தோல்வியை விளக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது எஞ்சின்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தரையில் பார்க்காமல் வானத்தில் பார்த்ததுதான் காரணம். 33 எஞ்சின்கள் பூட்டிய ஸ்டார்ஷிப் ராக்கெட் இன்று மேலேறிக்கொண்டுதான் இருக்கிறது.

13 சாட்டர்ன் 5கள் பறந்தன. கடைசி, 1973 மே 14 அன்று ஸ்கைலாப் ஆய்வகத்தை ஏற்றிச் சென்றது. அதற்குப் பிறகு எஃப்-1ஐத் தொட யாருக்கும் வேலை இல்லை. நாற்பது ஆண்டு கழித்து மார்ஷல் மையத்தின் இளம் பொறியாளர்கள், காப்பில் கிடந்த ஓர் எஞ்சினைப் பாகம் பாகமாகக் கழற்றினார்கள். வரைபடங்களெல்லாம் பத்திரமாகவே இருந்தன. ஆனால் கழற்றிப் பார்த்தபோது, வரைபடத்தில் இல்லாத கைவேலை எங்கும் தெரிந்தது. ஒவ்வொரு எஞ்சினையும் வெல்டர்கள் அதனதன் போக்குக்கு ஏற்பச் சரிசெய்திருந்தார்கள். அந்தக் குறிப்புகள் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. செய்தவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் முப்பரிமாண ஸ்கேனில் அளந்து பதிந்துகொண்டு, டர்பைனைச் சுழற்றும் வாயுவைச் செய்யும் பாகத்தை மட்டும் 2013 ஜனவரியில் சோதனை மேடையில் பூட்டி எரித்தார்கள். முழு எஞ்சினின் ஒரு சிறு உறுப்புதான் அது. தனியாக அதுவே 13 டன்னுக்கு மேல் உதைத்தது.